நேற்றைய அளவு

கடியபட்டணத்தில் சிப்பிக்கு முங்குகிறவர்களில்
மூச்சுப் பிடிப்பதற்கு எனக்கு ஒரு பெயர் உண்டு.
தார்சியூஸ் இறங்கினால்
வள்ளத்தில் இருப்பவன் ஒரு பீடி குடித்து முடிப்பான் என்பார்கள்.
(நான் பீடி தொட்டதில்லை.
இதை ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.
ஒருவரும் நம்பினதாகத் தெரியவில்லை.)

வலது நெஞ்சில் ஒன்று. இடுப்பெலும்பில் ஒன்று.
சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும்
ஏதோ சுரப்பியில் ஒன்று.
மற்றதையெல்லாம் மாத்திரை அடக்கிவிட்டது,
இந்த மூன்றும் பிடி விடவில்லை.
"குறி வைத்துக் கதிர் கொடுக்கலாம்,
சுற்றியிருப்பதை முடிந்தவரை தொடாமல்."
எனக்கு அது புரிந்தது.
கலங்கின தண்ணீரில் கண் எதற்கும் உதவாது;
குஞ்சுச் சிப்பியை விட்டுவிட்டு
உளியை எங்கே கொடுக்க வேண்டும் என்று
கைக்குத் தெரியும்.

"தீந்துருமா?" என்று கேட்டாள் பிரிஸ்கா.
"அப்படிச் சொல்லமாட்டேன். கொஞ்ச காலம் கிடைக்கலாம்."
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குக்கூட
மூன்று தடவை எவ்வளவு என்று கேட்கிறவள்.

அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை, நாகர்கோவில்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை.

தொடங்கும் முன்பே என்னை ஒரு பையில் படுக்கவைத்து
உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள்.
தோள், முதுகு, முழங்கை ஊன்றின குழி
எல்லாம் கல்லாய் இறுகின.
பெயர் ஒட்டி அலமாரியில் சாத்தினார்கள்.
அங்கே இன்னும் ஆறேழு பேர்
முதுகு மட்டுமாய் நின்றார்கள்.

நெஞ்சில் மூன்று புள்ளி பச்சை குத்தினாள் பெனிலா,
மார்த்தாண்டத்துப் பிள்ளை, மிஷின் ஓட்டுகிறவள்.
கதவு மூடினால் அவள் குரல் மட்டும் வரும்.
"மூச்ச இழுங்க. பிடிங்க."
முதல் நாள் இழுத்தேன் பாருங்கள்,
ஆறு பாகம் ஆழம் போகிறவனின் இழுப்பு.
மிஷின் நின்றுவிட்டது.
"எதுக்கு அண்ணே இவ்வளவு இழுக்கியது?
கோடு மேல போயாச்சு. பழகுனப்போ இழுத்த அளவு போதும்."

கூடினாலும் நிற்குமாம், குறைந்தாலும் நிற்குமாம்.
நெஞ்சு சொன்ன இடத்தில் இருந்தால்தான்
கதிர் சொன்ன இடத்துக்குப் போகும்.
இருபது எண்ணும்வரை.
இருபது!
வள்ளத்துக்காரன் கேட்டால் சிரிப்பான்.
பதினாறில் இருமல் தொண்டைக்கு வந்ததை
அவனிடம் சொல்லப்போவதில்லை.

கூட இழுக்கத்தான் எனக்குத் தெரியும்.
நேற்றைய அளவையே இன்றும் இழுக்க
யாரும் சொல்லித் தந்ததில்லை.
வீட்டுத் தரையில் படுத்துப் பழகினேன்.
பிரிஸ்கா வயிற்றில் கைவைத்து
"கூடிப்போச்சு... இப்பம் கொறவு" என்றாள்,
மீன் நிறுக்கிறவள் மாதிரி.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
எனக்கு அது இருமலில் போய் முடிந்தது.

மூன்றாம் தடவை அலமாரியில் ஒரு முதுகைக் காணவில்லை.
நான் கேட்கவில்லை. பெனிலாவும் சொல்லவில்லை.

கதிரா? சூடில்லை, வெளிச்சமில்லை, நோவில்லை.
மிஷினின் தலை மட்டும் என் மேலே
திருக்கை மாதிரி அவசரமில்லாமல் திரும்பிப் போகும்.

கடைசி நாள் அவள் பையின் மூடியைத் திருகினாள்.
காற்று உள்ளே ஏறியது.
என் முழங்கை முதலில் போனது, பிறகு தோள்.
முதுகு கொஞ்சம் தாக்குப்பிடித்தது.
அப்புறம் வெறும் சாக்கு.
"நாளைக்கு வேற ஆளுக்கு" என்றவள்
சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் பார்த்தாள்.
"ஆளு ஒல்லியா, தடியா?" என்று கேட்டேன்.

ஸ்கேன் மூன்று மாதம் கழித்து.
மணவாளக்குறிச்சி தாண்டினதும்
ஜன்னலில் கடற்காற்று அடித்தது.
என்னை அறியாமல் இழுத்தேன்.
விடச் சொல்ல யாருமில்லை.
இருபது தாண்டி,
இருபத்து மூன்றில்
இறங்கும் இடம் வந்தாச்சு என்று
பிரிஸ்கா தோளில் தட்டினாள்.